குதிகாலில் ஒரு முள்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

குதிரையை வசப்படுத்திய மனிதன் அதன் முதுகில் சேணம் போட்டான். வாயில் கடிவாளம் பூட்டினான். குளம்பில் லாடம் அடித்தான். இவ்வளவும் செய்து முடித்த பின் தன் குதிகாலில் ஒரு முள்ளையும் கட்டிக்கொண்டான். முதல் மூன்றும் குதிரை அணிபவை. நான்காவது மட்டும் மனிதன் அணிவது. அணிந்திருப்பவன் ஒருவன், வலியை அறிவது வேறோர் உயிர் என்னும் விசித்திரம் இந்தச் சிறிய இரும்புத் துண்டுக்கு உண்டு. ஆகவே இதைப் பற்றி நாலு வார்த்தை எழுதலாமே என்று தோன்றியது.

குதிமுள்ளை ஆங்கிலத்தில் 'ஸ்பர்' என்பார்கள். லாடம் போல் வளைந்த இரும்பு குதிகாலைக் கவ்விக்கொள்ளும். வார் கொண்டு அதைக் காலணியோடு இறுக்குவார்கள். பின்புறத்தில் ஒரு சிறு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் தண்டின் முனை மழுங்கலாக இருக்கும். வேறு சிலவற்றில் பல் வைத்த சிறு சக்கரம் ஒன்று சுழலும். ஜெய்சங்கர் நடித்த கௌபாய்ப் படங்களைப் பார்த்த பெரியவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

பரவையில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குதிமுள்ளோடு என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் இருக்கும் எங்கள் ஊரைக் காய்கறிச் சந்தையால் அறிந்தவர்கள் பலர். பாட்டுப் பாடிய முனியம்மாவால் அறிந்தவர்கள் அதைவிடப் பலர். குதிரையால் அறிந்தவர் எவரும் இல்லை. என் தந்தையார் அந்தச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். தாய்மாமா, ஊரார் 'குட்டியானை' என்று அழைக்கும் சிறிய சரக்கு வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். என் கல்லூரிச் செலவில் பாதி அந்தக் குட்டியானை சுமந்ததுதான்.

திடீரென்று ஒரு நாள் மாமா யானையை விற்றுக் குதிரை வாங்கினார். இப்போது எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை கேட்கிறார்கள். கோயில் ஊர்வலத்துக்கும் கேட்கிறார்கள். ஒரு மாலைக்குக் கிடைக்கும் வாடகை, குட்டியானை பல நாள் ஓடினாலும் கிடைக்காது என்பது மாமாவின் கணக்கு. வண்டி விற்ற பணம் போதாமல் வட்டிக்கும் வாங்கி, கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்துகொண்டிருந்த ஒரு செவலைப் பெட்டைக் குதிரையைக் கொண்டுவந்தார். விற்றவர் பழைய சேணம் ஒன்றையும், ஒரு துணிப்பையில் சுற்றிய இரண்டு குதிமுட்களையும் சேர்த்தே கொடுத்திருந்தார். இரண்டிலும் பல் சக்கரம் இருந்தது.

குதிரை சாதுவானது. ஆனால் நகராது. விலாவில் குதிகாலால் இடித்தால், ஏதோ ஈ உட்கார்ந்தது போல நின்றுகொண்டிருக்கும். போதாக்குறைக்கு எங்கள் கண்மாய் மடையை ஒட்டிய சிறு பாலத்தை அது ஏறிக் கடக்கவே மறுத்தது. அந்தப் பாலத்தைத் தாண்டினால்தான் சாலை; சாலைக்கு வந்தால்தான் சவாரி; சவாரி போனால்தான் வட்டி. முதல் மாப்பிள்ளை அழைப்புக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. முகூர்த்தத்துக்கு ஐம்பத்தைந்து நாள்தான் இருந்தது.

"இதுக்கு இனி முள்ளுதான் வைத்தியம்" என்றார் மாமா. அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என்னைப் பார்த்து, "மாப்ளே, நீ விலங்கைப் பத்தித்தானே படிக்கிற? குதிரைத் தோலு மொத்தம்தானே, அதுக்கு என்ன பெருசா வலிச்சிறப் போகுது? சொல்லு" என்றார்.

வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு முன் எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவர் ஒருவரும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் படிக்கிற பையன் சொல்லும் சொல்லுக்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. எனக்குக் கட்டணம் கட்டுபவர் மாமா. அவருக்கு வேண்டிய பதில் எது என்பதும் எனக்குத் தெரியும். "ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றேன் மாமா" என்று மட்டும் சொன்னேன்.

தேடிப் படித்ததில் கிடைத்த செய்தி மாமாவுக்குச் சாதகமாக இல்லை. குதிரையின் தோல் மனிதத் தோலைவிடத் தடிப்பானது என்பது உண்மையே. ஆனால் அந்தத் தடிப்பு இருப்பது உள்ளடுக்கில். வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதோ அதற்கு மேலே உள்ள வெளியடுக்கில். ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குதிரைத் தோலையும் மனிதத் தோலையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டு 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெளியடுக்கின் தடிப்பிலும் சரி, அங்குள்ள நரம்பு முனைகளின் அடர்த்தியிலும் சரி, இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது அவர்கள் முடிவு. சாட்டையடியைப் பற்றி எழுந்த ஆய்வு அது; குதிமுள்ளுக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இதற்கு நுண்ணோக்கி கூடத் தேவையில்லை. குதிரையின் மேல் ஓர் ஈ உட்காரும்போது கவனியுங்கள். வாலை வீசுமுன் அந்த இடத்துத் தோல் மட்டும் சிலிர்த்து ஈயை உதறும். தோலுக்கு அடியில் விரிந்திருக்கும் மெல்லிய தசையொன்று செய்யும் வேலை அது. மாட்டுக்கும் உண்டு. ஈயின் கால் பட்டதை அறியும் உடம்பு, இரும்பின் பல் பட்டதை அறியாதா?

அப்படியானால் கொடைக்கானல் குதிரை ஏன் அசையவில்லை? இதற்கும் விலங்கியலில் விடை இருக்கிறது. ஒரே தூண்டல் பொருளின்றி மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தால் உயிர் அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிடும். ரயில் பாதையோரம் குடியிருப்பவருக்கு ரயில் சத்தம் கேட்காதது போலத்தான். ஏரியைச் சுற்றிப் பல்லாண்டு நடந்த அந்தக் குதிரையின் விலாவில், ஏறிய சுற்றுலாப் பயணி ஒவ்வொருவரும் காரணமில்லாமல் காலால் தட்டிக்கொண்டே இருந்திருப்பார். போனாலும் தட்டு, நின்றாலும் தட்டு. 'இந்தத் தட்டுக்கு அர்த்தம் ஒன்றும் இல்லை' என்று அது கற்றுக்கொண்டது. அதன் தோல் மரத்துப்போகவில்லை. மனிதன் பேச்சைத்தான் அது நம்புவதை நிறுத்திவிட்டது.

இரண்டு நாள் கழித்து இவ்வளவையும் மாமாவிடம் சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. அவர் முகம் கறுத்தது. "படிச்ச படிப்புக்கு நல்லா வாத்தியாரு வேலை பாக்குற" என்றார். அதோடு பேச்சு முறிந்திருக்கும். அதுவரை திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த தாத்தா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

தாத்தாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அம்மாவின் தந்தை அவர். மதுரை ரயில் நிலையத்து வாசலில் பல ஆண்டுகள் ஜட்கா வண்டி ஓட்டியவர். அதற்கும் முன்னால், மீசை முளைக்காத வயதில், ஒரு செல்வந்தரின் லாயத்தில் குதிரைக்காரப் பையனாக இருந்தவர். ஆட்டோக்கள் பெருகி ஜட்கா தொழில் படுத்தபோது குதிரையை விற்றுவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு குதிரைப் பேச்சையே எடுத்ததில்லை. குட்டியானையை விற்ற நாளிலிருந்து மாமாவோடும் அவர் முகங்கொடுத்துப் பேசவில்லை.

"அந்த முள்ளை மாட்டிக்கிட்டு வாடா" என்றார் மாமாவிடம்.

மாமா மாட்டிக்கொண்டு வந்தார். வாசலில் இருந்த குட்டிச்சுவரின் மேல் ஒரு தவிட்டு மூட்டையை நீளவாக்கில் கிடத்தி, "இதுமேல ஏறி உக்காரு. குதிரைன்னு நெனச்சுக்க. காலை ஆட்டக் கூடாது. அவ்வளவுதான்" என்றார் தாத்தா. மாமா இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். தாத்தா தம் ஜட்காக் காலத்துக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார். ரயிலைத் தவறவிட்ட ஒரு தம்பதி வண்டிக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு, பாதி வழியில் ஆளுக்கொரு திசையில் இறங்கிப் போன கதை வந்தபோது மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. மூட்டையைக் காட்டினார். இரண்டு பக்கமும் சாக்கு கிழிந்து தவிடு தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"நீ சிரிச்சதுக்கே சாக்கு கிழிஞ்சு போச்சு. கோவம் வந்தா என்ன ஆகும்? விழப் போறோம்னு பயந்து காலை இறுக்குனா என்ன ஆகும்? நீ சிரிச்சதுக்கும் பயந்ததுக்கும் குதிரை ஏண்டா ரத்தம் சிந்தணும்?"

மாமா பதில் சொல்லவில்லை. குனிந்து தவிட்டை அள்ளத் தொடங்கினார்.

உலகெங்கும் குதிரையேற்றம் கற்பிப்பவர்கள் சொல்லும் முதல் விதியைத்தான் தாத்தா தவிட்டு மூட்டையில் காட்டினார் என்பதைப் பிறகு படித்து அறிந்தேன். தன் உடலைத் தன் வசத்தில் வைத்திருக்கத் தெரியாதவன் குதிமுள் அணியக் கூடாது என்பதே அந்த விதி. வியன்னா நகரில் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில், புதிதாகச் சேரும் மாணவர் கையில் கடிவாள வாரைக்கூட உடனே கொடுப்பதில்லை. அங்கவடியும் இல்லாமல், ஆசிரியர் பிடித்திருக்கும் நீளக் கயிற்றில் வட்டமாகச் செல்லும் குதிரையின் மேல் அவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து பழக வேண்டும். முதலில் உட்காரக் கற்றுக்கொள். பிறகு ஓட்டலாம் என்பது அவர்கள் பாடம். இடைக்கால ஐரோப்பாவில் ஒருவனை வீரனாக ஏற்கும் சடங்கில் அவன் காலில் குதிமுள் பூட்டுவார்கள். அது அவன் பெற்ற தகுதிக்கு அடையாளம். 1302ஆம் ஆண்டில் கோர்ட்ரெய்க் என்னும் இடத்தில் பிளாண்டர்ஸ் நாட்டுக் காலாட்படை பிரெஞ்சுக் குதிரைப் படையை முறியடித்து, களத்தில் கிடந்த நூற்றுக்கணக்கான பொன் குதிமுட்களைப் பொறுக்கிக் கோயிலில் தொங்கவிட்டது. 'பொன் குதிமுட் போர்' என்றே அதற்குப் பெயர். காலில் தங்க முள் கட்டியவர்கள் தோற்றார்கள். தரையில் ஊன்றி நின்றவர்கள் வென்றார்கள்!

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். தாத்தா ஒரு மண்டலம் கேட்டார். நாற்பத்தெட்டு நாளும் மாமா அங்கவடி இல்லாமல் ஏற வேண்டும், குதிமுள் கூடாது. கணக்குப் பார்த்தால் முகூர்த்தத்துக்கு முன் ஒரு வாரம்கூட மிஞ்சாது. மாமா வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். விடியற்காலையில் கண்மாய்க் கரையில் தாத்தா நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார். குதிரை சுற்றி வரும். அதன்மேல் மாமா, ஆரம்பத்தில் மூட்டை போலவும் போகப்போக மனிதர் போலவும் உட்கார்ந்திருப்பார். முதல் வாரம் மூன்று முறை விழுந்தார். கல்லூரிக்குக் கிளம்பும் முன் அதைப் பார்த்துவிட்டு வருவது எனக்கு வழக்கமாயிற்று.

அங்கேதான் நான் மறக்க முடியாத பாடத்தைக் கேட்டேன். குதிரை நிற்கும். மாமா கெண்டைக்காலை விலாவில் மெல்லச் சேர்ப்பார். குதிரை அசையாது. தாத்தா கையிலிருந்த குச்சியால் அதன் பின்னால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார். குதிரை ஓரடி எடுத்து வைக்கும். அந்தக் கணத்தில் தாத்தா கத்துவார்: "எடு காலை!" மாமா காலைத் தளர்த்த வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் வசவு விழும்.

"காலை வைக்கிறது கேள்வி. அது ஓரடி வச்சா அதான் பதிலு. பதிலு சொன்ன பெறகும் கேள்வியவே கேட்டுக்கிட்டு இருந்தா எவன்டா மறுபடி பதிலு சொல்லுவான்?"

உளவியல் நூல்களில் இதற்கு 'எதிர்மறை வலுவூட்டல்' என்று பெயர். பெயரைப் பார்த்து இது தண்டனை என்று நினைத்துவிடக் கூடாது. உடலில் படும் அழுத்தம், சரியான செயலைச் செய்த அக்கணமே விலகுவதுதான் இங்கே கற்பிப்பது. குதிரைக்குப் பாடம் சொல்வது முள் அல்ல. முள்ளை எடுத்துக்கொள்ளும் நேரம்தான். அழுத்தத்தை எடுக்கத் தெரியாதவன் எவ்வளவு கூர்மையான முள் கட்டினாலும் அவன் கற்பிப்பது ஒன்றே ஒன்றுதான்: 'நீ என்ன செய்தாலும் வலி தீராது.' அதைக் கற்ற குதிரை ஒன்று மரக்கட்டையாக நின்றுவிடும்; அல்லது ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

மூன்றாவது வாரத்தில் குச்சி தேவைப்படவில்லை. குதிரை காலின் பேச்சை மறுபடியும் நம்பத் தொடங்கியிருந்தது.

ஆனாலும் பாலம் பாலமாகவே இருந்தது. மடையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் காதுகளை விறைத்துக்கொண்டு நின்றுவிடும். "இங்கேயாவது முள்ளைப் போடலாமா?" என்று மாமா கேட்டார். தாத்தா சொன்னது இது: "மனசில்லாம நிக்கிறது வேற, பயந்து நிக்கிறது வேற. சோம்பலுக்கு முள்ளு காட்டலாம். பயத்துக்குக் காட்டினா, பாலத்துல வலிக்கும்னு சேத்து மனசுல எழுதிக்கிரும்." பிறகு கடிவாளத்தைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, முன்னால் தாமே நடந்தார். இழுக்கவில்லை. குதிரை நின்ற இடத்தில் தாமும் நின்றார். மடியிலிருந்து ஊறவைத்த கொள்ளை எடுத்துக் கொடுத்தார். முதல் நாள் பாலத்தின் வாய் வரைக்கும், மறுநாள் நடு வரைக்கும். மூன்றாம் நாள் எண்பது வயதுக் கிழவர் பின்னால் அந்தச் செவலை பாலத்தைக் கடந்து மறுகரையில் போய் மூச்சு விட்டது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். தூசி விழுந்துவிட்டதாகச் சொன்னார்.

இந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் குதிரை என்ற சொல் எங்கே கண்ணில் பட்டாலும் நின்று படிக்க ஆரம்பித்தேன். நம் பழம்பாடல்களிலும் குதிரையும் முள்ளும் உண்டு. ஐங்குறுநூற்றில் 'தேர்வியங்கொண்ட பத்து' என்று ஒரு பகுதி இருக்கிறது. வினை முடித்து வீடு திரும்பும் தலைவன், காத்திருக்கும் தலைவியை நினைத்து, முள்ளால் தூண்டித் தேரை விரைந்து செலுத்தும்படி பாகனை ஏவுகிறான். புறநானூற்றின் நான்காம் பாடலில், கடிவாளம் உரசி வாய் சிவந்த போர்க் குதிரைகளை, இரையின் கழுத்தைக் கவ்விய புலிக்கு ஒப்பிடுகிறார் பரணர். பாடலின் அழகில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் கண்மாய்க் கரையிலிருந்து நேராக நூலகத்துக்குப் போனவனுக்கு, அந்தச் சிவப்பு யாருடைய ரத்தம் என்ற எண்ணம் வராமல் இல்லை. காதலனின் அவசரத்துக்கும் மன்னனின் வெற்றிக்கும் விலை கொடுத்த உயிருக்குப் பாட்டில் பேச வாய் இல்லை. இருந்த வாயிலும் இரும்பு இருந்தது.

கிரேக்கத்தில் சாக்ரட்டீசின் மாணவரான செனபோன் ஒரு படைவீரர். ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் குதிரையேற்றம் குறித்து ஒரு நூல் எழுதினார். வற்புறுத்திச் செய்ய வைத்ததைக் குதிரை புரிந்துகொண்டு செய்வதில்லை. நடனமாடுபவரைச் சாட்டையாலும் முள்ளாலும் ஆட வைத்தால் அதில் என்ன அழகு இருக்கும் என்ற கருத்து அந்நூலில் வருகிறது. பாண்டிய நாட்டுக் கதை வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் நம் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் பெரும் பொருள் கொடுத்து ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் குதிரைகளை வாங்குவதையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை விரைவில் மடிந்துபோவதையும் எழுதி வைத்தார். பணம் குதிரையைக் கொண்டுவந்துவிடும். அறிவு இல்லாவிட்டால் அது நிலைக்காது. மாமாவுக்கு இதைப் படித்துக் காட்டியபோது, "அந்த ராசாக்களுக்கு எங்கப்பன் மாதிரி ஒரு ஆளு கெடைக்கல மாப்ளே" என்றார். அப்பாவும் மகனும் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

மண்டலம் முடிந்தது. தாத்தா குதிமுட்களை எடுத்துக்கொண்டு கொல்லுப் பட்டறைக்குப் போய்ப் பல் சக்கரங்களைக் கழற்றச் செய்தார். தண்டின் முனைகளையும் உருட்டி மழுக்கச் செய்தார். அதன் பிறகே மாமாவின் காலில் மாட்ட அனுமதித்தார். மாமா அன்று சவாரி செய்த ஒரு மணி நேரத்தில் அந்த முனை குதிரையை ஒரே ஒரு முறைதான் தொட்டது. ஊரைவிட்டு வெளியே போக மனமில்லாமல் லாயப்பக்கம் திரும்பியபோது, காலின் கேள்விக்குப் பதில் வராததால், சுண்டுவிரலால் தொடுவது போல ஒரு தொடுதல். குதிரை முன்னே போனது, முனை விலகியது. பார்த்துக்கொண்டிருந்த எங்களில் பலருக்கு அது பட்டதே தெரியவில்லை. தாத்தா மட்டும் தலையசைத்தார். "முள்ளு போட்டவனுக்கு முள்ளு வேணாம். அவன்தான் போட்டுக்கலாம்" என்றார்.

அந்த முகூர்த்தத்தன்று மேளமும் வெடியும் முழங்க ஊர்வலம் நடந்தது. மாப்பிள்ளை அதுவரை குதிரை ஏறாதவர். பயத்தில் விலாவில் காலை உதறிக்கொண்டிருந்தார். கடிவாளத்தைப் பிடித்து நடந்த மாமா, "தம்பி, காலைச் சும்மா தொங்கப் போடுங்க. அதுக்கிட்ட பேச வேண்டியதை நான் பேசிக்கிறேன்" என்றார். குதிரை அமைதியாக நடந்தது. வாடகை வந்தது, அந்த மாத வட்டி கட்டப்பட்டது, என் பருவத் தேர்வுக் கட்டணமும் கட்டப்பட்டது. கடன் இன்னும் இருக்கிறது. ஆனால் பயம் குறைந்திருக்கிறது.

இது ஒரு குதிரையோடு முடிந்துவிடும் செய்தியாக எனக்குத் தோன்றவில்லை. நம் ஊர்ப்புறங்களில் உழவு மாட்டையும் வண்டி மாட்டையும் தார்க்குச்சியால் குத்துவதைப் பார்த்திருக்கிறோம். குச்சி முனையில் ஆணி வைத்திருப்பவர்களும் உண்டு. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965இல் வண்டி மாடு, குதிரை, பொதி சுமக்கும் பிராணிகளுக்கென்று தனி விதிகள் வந்தன. முள் வைத்த கோலையும், காயமோ வீக்கமோ கடும் வலியோ உண்டாக்கும் கூரிய கருவிகளையும் பயன்படுத்தக் கூடாது. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. விதி வந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. ஆணி இன்னும் குச்சியிலிருந்து இறங்கவில்லை. சட்டம் ஆணியைத் தடுக்கலாம்; கையை நிதானப்படுத்த மனிதன்தான் கற்க வேண்டும்.

மதுரைக்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய கதையையும், பிட்டுக்கு மண் சுமந்த கதையையும் நம் நகரம் ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறது. வைகைக் கரையில் கூலியாளாக வந்த இறைவன் முதுகில் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும், அரண்மனையில் இருந்தவர் முதுகிலும், எல்லா உயிர்களின் முதுகிலும் விழுந்தது என்பது கதை. சின்ன வயதில் அதை அற்புதமாகக் கேட்டேன். இப்போது அதை ஓர் ஆசையாகக் கேட்கிறேன். ஒவ்வோர் அடியும் அடித்தவன் முதுகிலும் விழுமானால், உலகத்தில் எத்தனை பிரம்புகள் மிஞ்சும்? குதிமுள்ளின் குறையே அதுதான்: அணிந்தவனுக்கு அது உறைப்பதில்லை. அந்தக் குறையை அவன் தன் மனத்தால்தான் ஈடுகட்ட வேண்டும்.

மாணவ நண்பர்களே, நம்மையும் யாரோ சிலர் தூண்டித்தான் இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறார்கள். தூண்டுதலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது மிகவும் தேவைப்பட்டது. என் அம்மா கையெழுத்துப் போட மட்டும் தெரிந்தவர். பள்ளியில் சேர்ந்த நாள் முதல் தினமும் இரவில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இன்னைக்கு என்னடா புதுசாப் படிச்ச?" நான் ஏதாவது சொல்வேன். அது சரியா தவறா என்று அவருக்குத் தெரியாது. "ம்" என்று கேட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். பதில் வந்ததும் விலகிவிடும் கேள்வி அது. அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டுமே என்பதற்காக நான் படித்த நாட்கள் பல.

நாளை நம்மில் சிலர் ஆசிரியராகலாம்; சிலர் அதிகாரியாகலாம்; எல்லோருமே ஒரு வீட்டுக்குப் பெரியவர்களாவோம். அப்போது நம் குதிகாலிலும் ஒரு முள் இருக்கும். நம் பேச்சைக் கேட்க வேண்டியவர்கள் நமக்குக் கீழே இருப்பார்கள். அவர்கள் ஓரடி எடுத்து வைக்கும் கணத்தைக் கவனிக்கும் கண் நமக்கு வேண்டும். அக்கணமே அழுத்தத்தை எடுத்துக்கொள்ளும் மனமும் வேண்டும். கேட்கத் தெரிந்தால் போதாது. பதில் கிடைத்ததும் விடத் தெரிய வேண்டும்.